செலவில் வராத காது

தங்கையா குழந்தைகளைத் தொட்டதே கிடையாது. அப்பன்மார்களைத்தான் அடிப்பார்.

லூபோக் சீனா என்கிற ஊரில் இறங்கி, செம்மண் சாலையில் உள்ளே போனால் கல்லுமலைத் தோட்டம் வரும். அங்கே ரப்பர் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஆள் குள்ளம், ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அகலம். உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். மகள் ஷாந்தினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 1992-இல், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். ஆன கதை ரொம்பச் சின்னது. "யார் நிக்கிறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தங்கையா எழுந்து நின்றார். அவர் எழுந்த பிறகு எதிர்த்து நிற்க எவனுக்குத் தைரியம் வரும்? கைதட்டி முடித்துவிட்டார்கள்.

அந்த வருடக் கூட்டத்துக்குக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மரியாதையான மனுஷர்தான். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஆறாம் வகுப்புச் சோதனையில் தேறுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இந்தப் பள்ளிக்குச் செலவழிக்கிற காசுக்கு என்ன பலன் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், இப்படியே போனால் டவுன் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். டவுனுக்கு அப்போது பஸ் கிடையாது. சேர்ப்பது என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. தங்கையாவை அது குத்தியது.

குத்தியதற்குக் காரணம் உண்டு. தங்கையா மூன்றாம் வகுப்பில் முதல் மாணவனாக இருந்தவர். ஒருநாள் அவருடைய அப்பா கள்ளுக்கடையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து, வாத்தியார் கண்ணெதிரே பையனின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து கையில் பால் வாளி. அழுதால் அடி. பள்ளிக்கூடப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதற்கும் அடி. திருப்பி அடிக்கிற அளவு தங்கையா வளர்ந்தபோது அந்த மனுஷர் ஈரல் கெட்டுச் செத்துப்போயிருந்தார். ஓங்கிய கைக்கு ஆள் இல்லாமல் போன கோபம் இருக்கிறதே, அது லேசில் ஆறாது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு தங்கையா யார் யாரை அடித்தாரோ, அத்தனை அடியும் அந்த ஒரே ஆளுக்குப் போட்டதுதான்.

முதலில் மாட்டியவன் அப்புசாமி. மகனை வாரத்தில் பாதி நாள் மரத்தில் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பால் பொறுக்க அனுப்பிக்கொண்டிருந்தான். தங்கையா பால் நிறுக்கும் கொட்டகை முன்னால் லாரியை நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் இறங்கினார்.

"மவன் எங்கடா?"

"காட்டுல இருக்கான் தலைவரே. கொஞ்சம் ஒட்டுப்பால்..."

அவன் முடிக்கவில்லை. முன்பல் இரண்டும் அவனுடைய வாளிக்குள்ளேயே விழுந்தன. வெள்ளைப் பாலில் சிவப்பு பரவியதைக் கணக்கு எழுதுகிற கிராணி உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு அவன் பெஞ்சில இல்லன்னா மிச்சப் பல்லயும் எடுத்துருவேன்லா" என்று சொல்லிவிட்டுத் தங்கையா லாரியில் ஏறினார். மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பையன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்தது அல்போன்ஸ். மாதா கோயிலில் நன்றாகப் பாடுகிறவன், நல்ல மனுஷன், சம்சு சாராயம் உள்ளே போனால் மட்டும் வேறு ஆள். மகனுடைய பயிற்சிப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினான் என்று பேச்சு வந்தது. தங்கையா ஞாயிறு பூசை முடியும்வரை கோயிலுக்கு வெளியே பொறுமையாக நின்றார். அது அவர் சாமிக்குக் கொடுத்த மரியாதை. பூசை முடிந்து வெளியே வந்தவனைச் சட்டையோடு தூக்கிக் கால்வாயில் எறிந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் பாட்டுப் புத்தகத்தோடு நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டது. பிறகு இன்னும் பலர். ஒருத்தனுக்கு விலா, ஒருத்தனுக்கு மூக்கு. சிலருக்கு வெறும் மிரட்டலே போதுமானதாக இருந்தது.

போலீசுக்கு ஒருத்தரும் போகவில்லை. அம்மாக்கள் போகவிடவில்லை என்பதுதான் உண்மை. அப்புசாமியின் பெண்டாட்டி முனியம்மா குழாயடியில் பச்சையாகவே சொன்னாள்: "ரெண்டு பல்லு போனா போவுது. என் புள்ள இப்ப பாசார்ல போர்டு பூரா வாசிக்கிறான், தெரியுமா?"

வாசிக்கத்தான் செய்தார்கள். வருடத்துக்கு வருடம் தேறுகிற பிள்ளைகள் கூடினார்கள். மாலை வகுப்பு வந்தது, விளக்கெரிய ஜெனரேட்டர் வந்தது, சோதனைத்தாள் நகலெடுக்க மெஷின் வந்தது. சங்கத்துப் பணத்தில் தங்கையா ஒரு காசு தொட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். தலைமையாசிரியர் பாலகிருஷ்ணன் புக்கிட் பெருவாங்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிற சாதுவான மனுஷர். ஆண்டுக் கூட்டத்தில் முன்னேற்ற அறிக்கை வாசிக்கும்போது, "இந்த வளர்ச்சிக்குக் காரணம் பெற்றோரின் முழு ஒத்துழைப்பே" என்று ஒரு வரி தவறாமல் வரும். ஓட்டைப் பல்லோடு அப்புசாமி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தலைமையாசிரியருக்கு எல்லாம் தெரியும். இலாகாவுக்குப் போகிற அறிக்கையில் ஒத்துழைப்பு என்றுதான் எழுத முடியும் என்பதும் தெரியும்.

1995-இல்தான் முனுசாமி விஷயம் நடந்தது.

முனுசாமி பெண்டாட்டியை இழந்தவன். குடி கிடையாது, சூது கிடையாது, யாரோடும் அதிர்ந்து பேசமாட்டான். மலைச்சரிவில் அவனுக்கு நெரை. அவன் பால் வெட்டுகிற மரவரிசை தோட்டத்திலேயே செங்குத்தானது. அவனுடைய ஒரே மகள் தேவமலர் ஆறாம் வகுப்பில் இருந்தாள். எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கப்போகிற முதல் பிள்ளை இவள்தான் என்று தலைமையாசிரியர் தங்கையாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து தங்கையா அந்தப் பெண்ணை லாரியில் போகும்போதெல்லாம் கண்ணால் தேடுவார். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு செய்யவில்லை என்று பெண்டாட்டி சுப்பம்மா சொல்லிக்காட்டுவாள்.

சோதனை நெருங்கிய நேரத்தில் தேவமலர் பள்ளிக்கு வரவில்லை. ஒருநாள் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவள் பெஞ்சு காலியாக இருந்தது. முனுசாமி மட்டும் வழக்கம்போல நெரைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கொட்டகையில் பால் நிறுக்க வரிசையில் நின்றவனை வந்து பிடித்தார்.

"புள்ள எங்கடா?"

முனுசாமி கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"ஒன்னத்தான் கேக்குறேன். ஏன் அனுப்பல? மரத்துல கட்டிப் போட்டுருக்கியா?"

பதில் இல்லை. தங்கையாவுக்கு அது திமிராகப் பட்டது. எவனும் கெஞ்சுவான், பொய்யாவது சொல்வான். இவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

விரித்த கையால் இடது காதைச் சேர்த்து ஓர் அறை. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். முனுசாமி கத்தவில்லை. கீழே விழுந்தவன் எழுந்தான், சுற்றி விழுந்தான். மறுபடி எழுந்தான், தராசைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். குடித்தவன் மாதிரி ஆடுகிறான் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். காதிலிருந்து கோடாக இறங்கிய ரத்தம் கழுத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அப்போதும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டுத்தடுமாறி, தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் நடந்தான்.

தங்கையா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சுப்பம்மா தட்டை வைக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முனுசாமிய அடிச்சிட்டு வந்தீங்களாமே?"

"அடிக்காம கொஞ்சச் சொல்றியா? புள்ளய வீட்டுல பூட்டி வெச்சிருக்கான்."

"அந்த வீட்டு வாசலப் பாத்தீங்களா? நெலையில வேப்பிலை சொருவியிருக்கு. புள்ளைக்கு ஒடம்பு பூரா முத்து."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அவன்?"

"எப்படிய்யா சொல்லுவான்? தண்ணி ஊத்துறவரைக்கும் வெளிய வாயத் தொறந்து சொல்லக்கூடாது, யார்கிட்டயும் சண்ட சச்சரவு கூடாது. நம்ம ஷாந்தினிக்குப் போட்டப்ப நீங்க எப்படி இருந்தீங்க? கிராணி திட்டினப்பகூட வாயப் பொத்திக்கிட்டு நின்னீங்கல்ல? ஆத்தா வீட்டுல இருக்கையில அவன் ஒங்ககூட மல்லுக்கு நிப்பானா?"

அதுதான் கொடுமை. தங்கையாவுக்கு அந்த வழக்கம் தெரியாதது இல்லை. தோட்டத்தில் ஒருத்தன் அப்படித் தலைகுனிந்து நின்றால் வீட்டில் அம்மை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கொட்டகையில் நின்ற பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். அவருக்கு மட்டும் அந்த நேரத்தில் கண் இருந்தும் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது முனுசாமியை இல்லை, செத்துப்போன அப்பாவை. அவமானம் தாங்காமல் கொல்லைப்புறம் போய் வலதுகையைக் குழாய்த் தண்ணீரில் நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

தேவமலர் தேறினாள். முகமெல்லாம் தழும்போடு போய்ச் சோதனை எழுதி எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாள். ஆனால் முனுசாமிக்கு இடக்காது போனது போனதுதான். காது போனால்கூடப் பரவாயில்லை, தலைசுற்றல் நிற்கவில்லை. நிமிர்ந்தால் சுற்றும், குனிந்தால் சுற்றும். சரிவில் இரண்டு தடவை உருண்டு விழுந்தான். நெரை வெட்டாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது, அது நிர்வாகத்தின் சட்டம். ஜனவரியில் இடைநிலைப்பள்ளி வேன் வந்து நின்றபோது தோட்டத்துப் பிள்ளைகள் ஏறினார்கள். தேவமலர் ஏறவில்லை.

தங்கையா அவளை லாரியிலிருந்து பார்த்தார். முனுசாமி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பேருக்கு அவன் வேலை. கத்தி மகள் கையில் இருந்தது.

பழைய பழக்கம் லேசில் விடுமா? லாரியை நிறுத்திவிட்டுச் சரிவில் விடுவிடுவென்று ஏறினார். கை தானாக ஓங்கியது. முனுசாமி உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி வலக்காதைக் காட்டினான்.

"அடிங்க தலைவரே. இந்தப் பக்கம் இன்னும் கேக்குது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இறக்குவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"புள்ளய அனுப்புடா" என்றார். குரல் கெஞ்சலாக வந்தது. அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. "நான் வெட்டுறேன். லாரி எடுக்கிறதுக்கு முன்னாடி வந்து ஒன் நெரைய நான் வெட்டித் தர்றேன்."

"ஒங்க கை என் மரத்துல படக்கூடாது."

தேவமலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போக அவர் நின்ற இடம் வேண்டியிருந்தது. "வழிய விடுங்க மாமா. பால் நின்னுரும்" என்றாள். தங்கையா வழியை விட்டார்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். இரண்டு வகுப்புக்கு நடுவில் இருந்த பலகைத் தடுப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி, அதன் மேல் சிறந்த மாணவிக்கான கோப்பை. தேவமலர் பழைய பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். தலைமையாசிரியர் முன்னேற்ற அறிக்கை வாசித்தார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் சிறந்த தேர்ச்சி, பள்ளியை மூடுகிற பேச்சை இலாகா கைவிட்டுவிட்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. தங்கையா எதற்காக நான்கு வருடம் கையை ஓங்கினாரோ அது கிடைத்துவிட்டது. அவர் கைதட்டவில்லை. பிறகு "பெற்றோரின் முழு ஒத்துழைப்பு" வந்தது, அதன் பின் செலவு வந்தது. டீசல், மெஷினுக்கு மை, வாத்தியார்களின் பெட்ரோல், கோப்பை.

"கேள்வி இருந்தா கேக்கலாம்."

முனுசாமி முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"சார், செலவெல்லாம் வாசிச்சீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது விட்டுப்போச்சு?"

தலையைச் சாய்த்து வலக்காதைக் காட்டிக் கேட்டுக்கொண்டு, முனுசாமி சொன்னான்: "என் காது. இந்த வருசம் அதுவும் செலவாச்சுல்ல? எந்த வரியில இருக்கு?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். அப்புசாமி எழுந்தான். "என் பல்லு ரெண்டும் வரல சார். அது மொத வருசச் செலவு." அல்போன்ஸ் தோளைத் தடவிக்கொண்டு எழுந்தான். அப்புறம் பின்வரிசை. உட்கார்ந்திருந்த அப்பன்மார்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையாவைப் பார்த்தார்.

தங்கையா மேசையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் நடுவில் வந்து நின்றார்.

"கேக்குறது நாயந்தான். எழுதுங்க சார்."

"இதையெல்லாம் எப்படித் தலைவரே எழுதுறது? இலாகாவுக்குப் போற அறிக்கையாச்சே..."

"எழுதுறது கெடக்கட்டும்" என்றான் அப்புசாமி. நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த குத்தைத் தங்கையாவின் வாயிலேயே இறக்கினான்.

அதன் பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தங்கையா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடி விழ விழ அதை அவிழ்க்கவில்லை. மூக்கு உடைந்தது. முட்டியில் உதைத்துக் கீழே தள்ளினார்கள். சுப்பம்மா கதறிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு பேர் தள்ளிவிட்டதில் சுவரில் போய் மோதினாள். ஷாந்தினி "அப்பா அப்பா" என்று அலறினாள். முனுசாமி "விடுங்கடா, நான் இதக் கேக்கலடா" என்று கத்தியபடி எட்டு வைத்து, தலை சுற்றி, பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்தான். தடுப்புப் பலகை ஒன்று அல்போன்ஸ் கையில் ஏறியது. தரையில் கிடந்த தங்கையாவின் வலதுகையில் அது இரண்டு தடவை இறங்கியது. இரண்டாம் தடவை முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் எல்லாரும் பின்வாங்கினார்கள். தங்கையா சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தார். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினார்.

"முடிஞ்சுதாடா? நேராயிடுச்சா?"

ஒடிந்த கையை இடதுகையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முனுசாமி நெரைய நான் வெட்டுறேன்னேன், அவன் வேணாம்னான். ஒருநாள் இல்ல ஒருநாள் மனசு மாறுவான்னு இருந்தேன். இப்ப வெட்டுறதுக்குக் கை இல்ல. ஒடிச்சது நீங்க. அந்தப் புள்ள நாளைக்கு வேன்ல ஏறியாவணும். எவன்டா அந்த நெரைய வெட்டுறது? சொல்லுங்கடா! அடிக்க மட்டும் வந்தீங்கல்ல, சொல்லுங்க!"

அடிவாங்கிக் கிடக்கிற மனுஷன் அதட்டுகிறான். இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை, அதுதான் அதிசயம். அல்போன்ஸ் கையில் பலகை இன்னும் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் பெஞ்சு மேல் வைத்தான்.

"கீழ்ச்சரிவு நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"மேல உள்ளது என்னுது" என்றான் அப்புசாமி. முனியம்மா பின்னாலிருந்து, "நானும் வர்றேன், இவரு ஒத்தையில ஏற மாட்டாரு" என்றாள்.

முனுசாமிக்குப் பாதிதான் கேட்டது. தேவமலர் அவன் பக்கத்தில் மண்டியிட்டு, வலக்காதில் வாயை வைத்துச் சொன்னாள். அவன் தரையில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அடுத்த நாள் காலையில் தேவமலர் வேனில் ஏறினாள். அதற்கு முன்பே மலைச்சரிவில் மூன்று பேருடைய நெற்றி விளக்கு தெரிந்தது.

தங்கையாவின் கையில் ஒடிந்த எலும்பு சரியாகக் கூடவே இல்லை. லாரி வேலை போனது, தோட்டத்து கேட்டில் காவல் காக்கிற ஜாகா வேலை கிடைத்தது. பிறகு அவர் ஒருத்தரையும் அடிக்கவில்லை. அடிக்க முடியாமல் போனதால்தான் என்று சிலர் சொல்வார்கள். இடதுகை நன்றாகத்தான் இருந்தது என்பது என் பதில்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிக்கை வாசித்தார். பெற்றோரின் முழு ஒத்துழைப்பு அதிலும் வந்தது, இந்தத் தடவை வாசிக்கும்போது அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். புதுத் தலைவருக்கு முனியம்மா பேரைச் சொன்னார்கள். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

தங்கையா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் முனுசாமி, கேட்காத காது அவர் பக்கமாக. ஒரு வருடமாக இருவரும் பேசியதில்லை. தங்கையா பழக்க தோஷத்தில் வலதுகையைத் தூக்கினார். அது நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார்.

முனுசாமி திரும்பிப் பார்த்தான். அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து மேலே தூக்கினான். தலைமையாசிரியர் கடைசி வரிசைவரை எண்ணி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான்.